கூடு சுமக்கும் நீர்ப்புழு: ஓடும் நீரை வாசிக்க ஒரு வழி

சில ஆண்டுகளுக்கு முன், இடம்பெயர்ந்து வந்து புதிய இடமொன்றில் சிறுபோகம் செய்யத் தொடங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தேன். வாய்க்கால் கரையில் நின்ற ஒருவர் தமது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மணலால் செய்த, அரை அங்குல நீளமான சிறு குழாய் ஒன்று அதில் கிடந்தது.

“சுவாமி, இது நெல்லை வெட்டிற புழு எல்லோ? வாய்க்காலுக்கை நிறையக் கிடக்கு. இண்டைக்கே மருந்து விடப்போறம்” என்றார் அவர்.

பக்கத்தில் நின்றவரின் முதுகில் மருந்துத் தாங்கி ஏற்கனவே ஏறியிருந்தது. அதே வாய்க்காலில் சற்றுக் கீழே பெண்கள் குடங்களில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக் கோப்பையொன்றில் வாய்க்கால் நீரை எடுத்து, அந்தக் குழாயை அதனுள் இட்டுக் காத்திருந்தோம். இரண்டு மூன்று நிமிடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் குழாயின் ஒரு முனையில் கபில நிறத் தலையொன்று மெல்ல எட்டிப் பார்த்தது. அடுத்து ஆறு கால்கள் வெளியே வந்தன. குழாய் கோப்பையின் அடியில் ஊர்ந்து நகரத் தொடங்கியது. அது நெல்லை வெட்டும் புழு அல்ல. ஆங்கிலத்தில் ‘கெடிஸ்’ என்று அழைக்கப்படும் நீர்ப்பூச்சியின் இளம் பருவம் அது. மருந்துத் தாங்கி கீழே இறங்கியது.

சொந்த ஊரில் எமது கிணற்றின் குணம் எமக்குத் தெரியும். எந்த மாதத்தில் நீர் உவர்க்கும், எந்தக் குளம் முதலில் வான் பாயும், எந்த ஓடையில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்த அறிவு. இடம்பெயர்ந்தவர் வீட்டுச் சாமான்களை மட்டுமல்ல, இந்த அறிவையும் விட்டுவிட்டுத்தான் வருகிறார். புதிய இடத்தின் நீரைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு உதவும் உயிர்களில் ஒன்று இந்தப் பூச்சி. அதை இனங்காண்பது எப்படி, அது எமக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இது என்ன பூச்சி?

கெடிஸ் பூச்சிகள் அந்துப்பூச்சிகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் மிக நெருங்கிய உறவினர். அவற்றின் சிறகுகளைச் செதில்கள் மூடியிருக்கும். கெடிஸ் பூச்சியின் சிறகுகளை நுண்ணிய மயிர்கள் மூடியிருக்கும். இதனாலேயே விஞ்ஞானிகள் இவ்வரிசைக்குத் திரைக்கொப்ரெரா என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் ‘மயிர்ச்சிறகு’ என்பது அதன் பொருள்.

உலகில் 16,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. எமது நாட்டின் இனங்களைச் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பேர்னான்ட் ஷ்மிட் என்பவர் விரிவாக ஆராய்ந்து 1958இல் பெரிய நூற்கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் 1973இல் ஒஸ்திரியரான ஹான்ஸ் மலிக்கி இலங்கை இனங்களைப் பற்றி மேலும் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையில் உள்ளன. இவற்றுட் பல மலைநாட்டுக் குளிர்ந்த ஓடைகளில் வாழ்கின்றன. ஆனால் வரண்ட பிரதேசத்தின் ஆறுகளும் வாய்க்கால்களும் குளங்களும் இவற்றுக்கு அந்நியமானவை அல்ல.

இதன் வாழ்க்கை நான்கு பருவங்களைக் கொண்டது. தாய்ப்பூச்சி முட்டைகளைக் கூழ் போன்ற பசையினுள் பொதிந்து, நீரிலோ நீரை அண்டிய கல்லிலோ இலையிலோ இடும். முட்டையிலிருந்து வரும் குடம்பி நீரினுள் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை வாழும். வளர்ந்து முடிந்ததும் கல்லிலோ மரக்குற்றியிலோ கூட்டை ஒட்டி, வாயை அடைத்து, அதனுள்ளே கூட்டுப்புழுவாகும். உருமாற்றம் முடிந்ததும் கூட்டை வெட்டி வெளியேறி, நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்தோ கரைக்கு ஊர்ந்து வந்தோ தோலைக் கழற்றிச் சிறகுள்ள பூச்சியாகப் பறக்கும். பறக்கும் காலம் சில நாட்கள் முதல் சில வாரங்கள் மட்டுமே. ஆகவே இப்பூச்சியின் வாழ்நாளில் பெரும்பகுதி நீருக்குள்ளேயே கழிகிறது. நீருக்கு என்ன நேர்ந்தாலும் அது குடம்பிக்கும் நேரும். இதை மனதிற் கொள்ளுங்கள். இக்கட்டுரையின் சாரமே இதுதான்.

கூடு எப்படி உருவாகிறது? குடம்பியின் வாயருகே இருந்து பட்டு நூல் சுரக்கிறது. நீருக்குள்ளேயே ஒட்டும் தன்மை இந்நூலுக்கு உண்டு. நாம் பாவிக்கும் பசைகளிற் பல ஈரமான பரப்பில் பிடிக்காது. ஆனால் இந்தப் பட்டு ஈரக் கல்லிலும் பிடிக்கும். குடம்பி மணல், சிறுகல், இலைத்துண்டு, குச்சி என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, பொருந்தினால் ஒட்டும், பொருந்தாவிட்டால் விட்டுவிடும். வளர வளர முன்பக்கத்தில் கூட்டை நீட்டிக்கொண்டு போகும்.

நெல்லின் கூண்டுப்புழுவும் இதுவும்

விவசாயிகள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. நெல்வயலில் இலைத்துண்டைச் சுருட்டிக் குழாயாக்கி அதனுள் வாழும் கூண்டுப்புழு உண்மையான பீடைதான். ஆனால் அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. பின்வரும் வேறுபாடுகளைப் பாருங்கள்.

1. இடம்: கூண்டுப்புழு வயலின் தேங்கிய நீரில் வாழும். அதன் கூடுகள் நீரின் மேல் மிதக்கும், அல்லது நெற்பயிரில் ஒட்டியிருக்கும். மணலாலும் கல்லாலும் கூடு கட்டும் கெடிஸ் குடம்பி நீரின் அடியில், கல்லிலோ மணலிலோ இருக்கும்.

2. கூடு: கூண்டுப்புழுவின் கூடு நெல் இலையால் ஆனது. கத்தரிக்கோலால் வெட்டியது போல முனை இருக்கும். கெடிஸ் கூடு மணல், சிறுகல், குச்சி, உக்கிய இலை என்பவற்றால் ஆனது.

3. உடல்: கூண்டுப்புழு வெளிர் பச்சை நிறமானது. மார்பில் ஆறு கால்கள் இருப்பதுடன், மற்ற மயிர்க்கொட்டிகளைப் போல வயிற்றின் கீழும் சதைக்கால்கள் வரிசையாக இருக்கும். கெடிஸ் குடம்பிக்கு மார்பில் ஆறு கால்கள் மட்டுமே. வயிற்றின் கடைசியில் இரண்டு சிறு கொளுக்கிகள் இருக்கும். அவற்றாலேயே கூட்டைப் பிடித்துக்கொள்கிறது.

4. சேதம்: கூண்டுப்புழு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்பதால் இலை வெள்ளைக் காகிதம் போலத் தெரியும். மணற்குழாய் சுமக்கும் குடம்பி கல்லில் படரும் பாசியையும் உக்கிய இலையையும் பிற நுண்ணுயிர்களையும் உண்கிறது.

நான் மேலே சொன்ன இடத்தில், வாய்க்காலைப் பார்த்த பின்னர் வயலுக்குள்ளும் இறங்கினோம். ஒரு பள்ளமான வரவையில் பச்சைக் குழாய்கள் மிதந்துகொண்டிருந்தன. கூண்டுப்புழு அங்கே இருந்தது. ஆனால் அதற்கு மருந்து தேவைப்படவில்லை. அப்புழு நீரின்றி வாழாது. எனவே அந்த வரவையின் நீரை வடித்து இரண்டு மூன்று நாட்கள் காயவிட்டார்கள். தண்ணீர் முறை மீண்டும் கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்ட பின்பே இதைச் செய்ய வேண்டும். வடித்த நீரை அடுத்த வயலுக்குள் விடவும் கூடாது. கூடுகள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கே தேடுவது?

நீர் கற்களின் மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற இடமே முதலாவது இடம். அங்கே நீருடன் காற்று கலக்கிறது. குடம்பிகளுக்கு அந்தக் காற்று தேவை. இரண்டாவது, குளத்துத் துருசுக்கும் அணைகளுக்கும் கீழே நீர் வேகமாகப் பாயும் கல் அல்லது கொங்கிறீற் பகுதி. குளத்தில் வளரும் நுண்ணிய பாசிகள் அந்நீருடன் வருவதால் வலை விரிக்கும் வகைகளுக்கு அங்கே உணவு அதிகம். மூன்றாவது, மருதமர நிழலில் இலைகள் சேர்ந்து கிடக்கும் ஆற்றோரம்.

இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு போன்ற வன்னி ஆறுகள் மாரியில் பெருகி, கோடையில் வற்றும். மன்னாரில் அருவி ஆற்றின் நீர் தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பப்படுகிறது. இவ்வாறான ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தேடுவதானால் வெள்ளம் தணிந்து, நீர் தெளிந்து, இரண்டு மூன்று வாரங்கள் ஓடிய பின்னர் தேடுங்கள். வெள்ளத்தின் போது குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். வற்றிய ஆற்றிலும் அவை இரா.

தேடப் போகுமுன் நான்கு எச்சரிக்கைகள்: மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்துக்கோ, வெடிபொருள் அகற்றப்பட்டதென்று உறுதியாகத் தெரியாத கரைக்கோ போகாதீர்கள். முதலை உள்ள குளத்திலும் ஆற்று மடுவிலும் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் நீரில் நிற்காதீர்கள், எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

பார்க்கும் முறை

விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வெள்ளைக் கோப்பை அல்லது பேசின் ஒன்று, பழைய நுளம்பு வலைத் துண்டு, ஒரு கரண்டி, கோழி இறகு ஒன்று, குறிப்புக் கொப்பி, பென்சில் ஆகியன போதும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் நீர் நிரப்பி அதனூடாகப் பார்க்கலாம், பொருள் பெரிதாகத் தெரியும்.

1. கல்லைத் தூக்குமுன் அது நீருக்குள் இருக்கும்போதே பாருங்கள். வலை விரிக்கும் வகைகளின் வலை நீருக்குள் மட்டுமே விரிந்து நிற்கும். வெளியே எடுத்தால் வழுவழுப்பான அழுக்குப் போலச் சுருங்கிவிடும்.

2. உள்ளங்கையளவு கல்லொன்றை மெல்லத் தூக்கி, உடனே வெள்ளைக் கோப்பை நீருக்கு மேல் பிடித்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூடுகள், ஊரும் புழுக்கள், ஒட்டிய குழாய்கள் என்பவற்றைக் கோழி இறகால் மெல்லக் கோப்பைக்குள் தள்ளுங்கள்.

3. கற்கள் சிறியனவாக இருந்தால், ஒருவர் நுளம்பு வலைத் துண்டை நீரோட்டத்துக்கு எதிராக விரித்துப் பிடிக்க, மற்றவர் அதற்குச் சற்று மேலே நின்று காலால் அடியைக் கிளறட்டும். ஒரு நிமிடம் போதும். வலையில் வந்ததைக் கோப்பை நீரில் அலசுங்கள்.

4. கோப்பையை நிழலில் வைத்து அசையாமற் காத்திருங்கள். அவசரம் இங்கே உதவாது. குச்சி என்று நினைத்தது நடக்கும். மணற்கட்டி என்று நினைத்ததற்குத் தலை முளைக்கும்.

5. குடம்பியைக் கூட்டிலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். கொளுக்கியால் இறுகப் பிடித்திருப்பதால் உடல் கிழிந்துவிடும். தப்பினாலும் கூடு இழந்தது மீனுக்கு இலகுவில் இரையாகும். மீண்டும் கட்டத் தெரிந்ததுதான். ஆனால் கட்டி முடிக்கும்வரை அதற்கு மறைவிடம் இல்லை.

6. பார்த்து முடிந்ததும் உயிர்களை எடுத்த இடத்திலேயே விடுங்கள். கல்லையும் இருந்த பக்கமாகவே வையுங்கள்.

கூட்டைக் கொண்டு வகை பிரித்தல்

இனத்தின் பெயரைத் திட்டமாகச் சொல்வது நிபுணரின் வேலை. ஆனால் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை எவரும் கூட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

வலை விரிப்பவை: இவை கூடு சுமந்து திரிவதில்லை. கல்லிடுக்கில் சிறு மறைவிடம் செய்து, அதன் முகப்பில் நீரோட்டத்தை நோக்கிப் பட்டு வலையை விரித்து, மிதந்து வரும் பாசித் துகள்களைப் பிடிக்கின்றன. எமது மீனவர் களங்கட்டி வலை கட்டும் முறையை இது நினைவூட்டும். புழு பச்சை அல்லது கபில நிறமாக, வளைந்த உடலுடன் இருக்கும். மார்பின் மேல் மூன்று கருந்தகடுகள், வயிற்றின் கீழே பஞ்சு போன்ற செவுள்கள், வாலில் தூரிகை போன்ற மயிர்கள் என்பன அடையாளம். துருசுக்குக் கீழேயும் வாய்க்கால்களிலும் முதலில் எதிர்பார்க்க வேண்டியவை இவை.

மணற்குழாய் சுமப்பவை: நேரான அல்லது சற்று வளைந்த, ஒரு முனை குறுகிய குழாய். நீண்ட பின்னங்கால்கள் வெளியே தெரியும் வகைகள் குளங்களிலும் மெதுவாக ஓடும் நீரிலும் வாழும்.

இலையும் குச்சியும் பாவிப்பவை: சில வகைகள் இலையைச் சதுரத் துண்டுகளாக வெட்டி நான்கு பக்கமுள்ள குழாய் செய்கின்றன. சில இரண்டு இலைத்துண்டுகளை மேலும் கீழுமாக ஒட்டி இடையில் வாழ்கின்றன. வேறு சில சிறு குச்சியைக் குடைந்து உள்ளே குடியிருக்கின்றன. மர நிழல் உள்ள ஓடைகளில் இவற்றைத் தேடுங்கள்.

நத்தை வடிவில் கட்டுபவை: மணலால் சுருள் வடிவில் கட்டப்பட்ட, மிளகளவு கூடு. 1834இல் அமெரிக்க ஆய்வாளர் ஐசக் லீ இத்தகைய கூட்டைப் புதிய நத்தையினம் என்றே எண்ணிப் பெயரிட்டார். படித்தவரும் ஏமாறிய இடம் என்பதால் நாம் ஏமாறினாலும் வெட்கமில்லை. விரலால் தடவிப் பாருங்கள். நத்தை ஓடு வழுக்கும், இது மணற்கடதாசி போல உராயும். இவ்வகை இலங்கையிலும் உண்டு.

ஆமையோட்டு வடிவில் கட்டுபவை: சிறுகற்களால் செய்த குவிந்த மூடி கல்லின் மேல் ஒட்டியிருக்கும். அடியில் குடம்பி பாசியை மேய்ந்துகொண்டிருக்கும்.

கூடில்லாமல் திரிபவை: மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் சில வகைகள் கூடின்றி ஊர்ந்து மற்றப் பூச்சிகளைப் பிடித்துண்ணும். கூட்டுப்புழுவாகும் வேளையில் மட்டும் கற்களால் ஒரு மறைவிடம் செய்துகொள்ளும்.

எவற்றுடன் மயங்கக்கூடும்?

கல்லின் அடியில் வேறு உயிர்களும் இருக்கும். உடலின் கடைசியில் இரண்டு அல்லது மூன்று நீண்ட வால் நூல்கள் இருந்தால் அது கெடிஸ் அல்ல, ‘மே ஈ’ அல்லது ‘கல் ஈ’ எனப்படும் பூச்சிகளின் இளம் பருவம். முதுகில் சிறகு மொட்டுகளும் பெரிய கண்களும் இருந்தால் தும்பியின் இளம் பருவமாக இருக்கலாம். கால்களே இல்லாத சிவப்புப் புழு, கடிக்காத சிறு நுளம்பு போன்ற பூச்சியின் குடம்பி. ஆறு கால்கள், வால் நூல்கள் இல்லை, கடைசியில் இரண்டு கொளுக்கிகள்: இம்மூன்றும் சேர்ந்திருந்தால் கெடிஸ் குடம்பி என்று பெரும்பாலும் நம்பலாம்.

விளக்கடியில் காணுதல்

சிறகுள்ள பூச்சியைக் காண ஆற்றுக்குப் போகவேண்டியதில்லை. நீருக்கு அண்மையில் உள்ள வீட்டில், இருட்டிய பின் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலங்களில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, அதன் முன் லாம்பையோ ரோர்ச்சையோ வையுங்கள். வரும் பூச்சிகளுள் கபிலம், சாம்பல், கறுப்பு நிறங்களில் அந்து போன்ற சிறு பூச்சிகள் இருக்கும். அவை கெடிஸ் தானா என்று அறிய நான்கு அடையாளங்கள் உண்டு: ஓய்வில் சிறகுகளைக் கூரை போல உடலின் மேல் சாய்த்து மூடும். நூல் போன்ற நீண்ட உணர்கொம்புகளை முன்னோக்கி நீட்டியிருக்கும். அந்துக்களிற் பலவற்றுக்கு உள்ள சுருண்ட உறிஞ்சுகுழல் இதற்கில்லை. சிறகைத் தொட்டால் அந்துப்பூச்சியினது போலத் தூள் விரலில் ஒட்டாது. இப்பூச்சி கடிக்காது, பயிரைத் தின்னாது, நோய் பரப்பாது. வௌவாலும் தகைவிலான் குருவியும் சிலந்தியும் மீனும் இதை உண்டு வாழ்கின்றன.

இது எமக்குச் சொல்வது என்ன?

போத்தலில் எடுத்த நீர் அந்த நேரத்து நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். நேற்று முன்தினம் யாரோ மருந்துத் தாங்கியைக் கழுவி ஊற்றியிருந்தாலும், அது ஓடிப்போன பின் எடுத்த போத்தலில் தெரியாமற் போகலாம். ஆனால் கல்லின் கீழே வாரக்கணக்காக வாழ்ந்த குடம்பி ஓடிப்போகவில்லை. நஞ்சு வந்திருந்தால் அது இறந்திருக்கும், அல்லது கல்லைக் கைவிட்டு நீரோடு போயிருக்கும். ஆகவே பல வகைக் கெடிஸ் குடம்பிகள் வெவ்வேறு பருமனில் ஒரே இடத்தில் இருந்தால், அந்நீரில் சில வாரங்களாகப் பெரிய கேடு ஏற்படவில்லை என்று ஊகிக்கலாம்.

மூன்று காரணங்களால் இவை அழிகின்றன. முதலாவது, மலமும் அழுகிய கழிவும் நீரில் சேரும்போது அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. இரண்டாவது, கரை மரங்கள் வெட்டப்பட்டு மண் கரைந்து வரும்போது கல்லிடுக்குகள் சேற்றால் அடைபடுகின்றன, வலைகள் மூடப்படுகின்றன. மூன்றாவது, பூச்சிநாசினி. பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து வயல்பூச்சி, நீர்ப்பூச்சி என்று வேறுபாடு பார்ப்பதில்லை.

எல்லா வகைகளும் ஒரே அளவு மென்மையானவை அல்ல. பிரித்தானியாவில் 1970களின் பிற்பகுதியில் ஆற்று நீரின் தரத்தை மதிக்க நீர்வாழ் உயிர்க் குடும்பங்களுக்கு 1 முதல் 10 வரை புள்ளி வழங்கும் முறை உருவாக்கப்பட்டது. அதில் கூடு சுமக்கும் கெடிஸ் குடும்பங்கள் பலவற்றுக்கு 10 புள்ளி. வலை விரிக்கும் முக்கிய குடும்பத்துக்கு 5. சிவப்புப் புழு சேர்ந்த குடும்பத்துக்கு 2. மண்புழுவை ஒத்த நீர்ப்புழுக்களுக்கு 1. அந்தப் புள்ளிகளை எமது வெப்பமான ஆறுகளுக்கு அப்படியே பிரயோகிக்க முடியாது. ஆனால் அதன் அடிப்படை எமக்கும் பொருந்தும்: பல வகை உயிர்கள் இருப்பது நல்ல அறிகுறி, சிவப்புப் புழுக்கள் மட்டும் மிகுந்திருப்பது கெட்ட அறிகுறி.

இது எமக்குச் சொல்லாதது என்ன?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கெடிஸ் பூச்சி உள்ள நீர் குடிக்க உகந்த நீர் என்று பொருள் கொள்ளக் கூடாது. நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கமாரி என்பவற்றை உண்டாக்கும் கிருமிகள் மனிதரைத்தான் தாக்குகின்றன. அவை குடம்பிக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. கண்ணாடி போலத் தெளிந்த, கூடுகள் நிறைந்த ஓடையிலும் மேலே யாரோ ஒருவர் மலம் கழித்திருக்கலாம். குடிநீரை எப்போதும் கொப்பளிக்கக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மூடிவைத்துக் குடியுங்கள். கிணறு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதிக்கவும் குளோரின் இடவும் கேளுங்கள். அதேபோல, நீரில் கரைந்துள்ள உப்பு, புளோரைட்டு போன்றவற்றையும் இப்பூச்சியைக் கொண்டு அளக்க முடியாது.

பூச்சியைக் காணவில்லை என்பதும் நஞ்சு கலந்தது என்பதற்கு உறுதியான சான்றல்ல. வெள்ளம் அடித்துச் சென்றிருக்கலாம். நீர் புதிதாக வந்திருக்கலாம். நீங்கள் தேடிய இடத்தில் கற்களே இல்லாதிருக்கலாம். எனவே ஒரு தடவை பார்த்துவிட்டு மேல்வயற்காரரைக் குற்றஞ்சாட்டப் போகாதீர்கள்.

சரியான வழி ஒப்பிட்டுப் பார்ப்பதே. ஒரே நாளில், வயல்களுக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும், ஒரே மாதிரியான கல்லும் ஓட்டமும் உள்ள பகுதியில், பத்துப் பத்துக் கற்களைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை வகைக் கூடுகள், எத்தனை புழுக்கள் என்று எழுதுங்கள். திகதி, இடம், நீரின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள், அயலில் மருந்து அடித்த நாள் என்பவற்றையும் குறியுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் ஒரு போகத்துக்குள் உங்கள் வாய்க்காலின் வழமை உங்களுக்கு விளங்கிவிடும். வழமை தெரிந்த பின்பே மாற்றம் கண்ணில் படும். பாடசாலைப் பிள்ளைகள் இதை விருப்பத்துடன் செய்வார்கள். பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

மேலே பல வகைகளும் கீழே ஒன்றுமில்லாமலும் தொடர்ந்து காணப்பட்டால், கொப்பியை எடுத்துக்கொண்டு கமக்கார அமைப்புக் கூட்டத்தில் கதையுங்கள். அப்போது அது சண்டையாகாது, எல்லோரும் சேர்ந்து பார்த்த விடயமாகும். அங்கே மூன்று ஒழுங்குகளைத் தீர்மானிக்கலாம். மருந்துத் தாங்கியை வாய்க்காலிலும் கிணற்றடியிலும் கழுவுவதில்லை. மருந்து அடித்த வயலின் நீரைச் சில நாட்களுக்கு வாய்க்காலுக்குள் வடியவிடுவதில்லை. ஆற்றங்கரை மருதமரங்களையும் புதர்களையும் வெட்டுவதில்லை.

மேலே சொன்ன அந்த வாய்க்காலில் அன்று மருந்து விட்டிருந்தால், நெல்லுக்கு ஒரு பலனும் கிடைத்திராது. புழு இருந்தது வேறிடத்தில். மருந்தோ கீழே தண்ணீர் அள்ளியவர்களின் குடத்துக்குப் போயிருக்கும். இவை நடவாமல் தடுத்தது வெள்ளைக் கோப்பை ஒன்றும் மூன்று நிமிடப் பொறுமையும்தான்.

இந்த வாரம் உங்களுக்குக் கிட்டவுள்ள வாய்க்காலுக்குப் போய், ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். கண்டதை எழுதிவையுங்கள். பின்னர் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.